வீட்டில் செய்த பைக் விண்ட்ஷீல்டு தொல்லை தருகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டூரிங் பைக்குக்குத் தானே விண்ட்ஷீல்டு செய்து மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பற்றியே யோசிக்கிறார்கள். மாட்டிய பிறகு தொல்லை வந்தாலும், ‘இன்னும் ரெண்டு இன்ச் சேர்த்து வெட்டியிருக்கலாமோ’ என்பதுதான் முதல் எண்ணம். நான் பார்த்தவரை கோளாறு மேல் விளிம்பில் இருப்பது குறைவு. ஷீட்டுக்குக் கீழே காற்று புக வழி இருக்கிறதா, பட்டி எதில் மாட்டியிருக்கிறது, போல்ட் ஓட்டை எப்படிப் போட்டிருக்கிறது என்று கீழிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலான தொல்லைகள் பிடிபட்டுவிடும். அதனால் புது ஷீட் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு இது: 3 அல்லது 4 எம்எம் பாலிகார்பனேட் ஷீட், ஏறக்குறைய 40 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம். ஷீட்டின் பின்னால் இரண்டு உலோகப் பட்டிகள். அந்தப் பட்டிகள், ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ கிளாம்ப் போட்ட இன்னொரு ஜோடிப் பட்டியின் மேல் ஏறி இறங்கும். பக்கத்துக்கு இரண்டு 6 எம்எம் போல்ட், கையால் திருகும் நாப். ஏற்ற இறக்கமும் சாய்வும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். ஷீட்டிலேயே நீள ஸ்லாட் வெட்டி அதை நாப் போட்டு இறுக்குகிற அமைப்பு உங்களுடையது என்றால், கீழே வரும் அறிகுறிகளில் பாதியை அதுவே கொண்டுவரும்.

ஒரு கணக்கை மட்டும் நினைவில் வையுங்கள். காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். மேலே சொன்ன அளவு ஷீட் நேராக நின்றால் 80 கி.மீ. வேகத்தில் நாலரை கிலோ அளவுக்குக் காற்று அதைத் தள்ளுகிறது. 100-ல் அது 7 கிலோ. 120-ல் 10 கிலோவை நெருங்கும். சென்னை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) 80-ல் போகும்போது எதிர்காற்று 20 கி.மீ. அடித்தால் ஷீட்டைப் பொறுத்தவரை நீங்கள் 100-ல் போகிறீர்கள். வீதியில் ஒழுங்காக இருந்தது முட்டுக்காடு தாண்டியதும் ஆட ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான்.

சோதனை ஓட்டம் எப்படி

ஒரே சாலை, ஒரே ஹெல்மெட், ஒரே ஜாக்கெட். விடிகாலை நல்லது, மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால் எது ஷீட்டின் வேலை, எது காற்றின் வேலை என்று பிரிக்கவே முடியாது. பட்டியில் ஒரு செ.மீ.க்கு ஒரு கோடாக மார்க்கரால் போட்டுவையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். உயரத்தையும் சாய்வையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். அட்ஜஸ்ட் வைத்துச் செய்வதன் பெரிய லாபமே இந்தச் சோதனைதான். கடையில் வாங்கிய நிலையான ஷீல்டில் இதைச் செய்ய முடியாது.

கிளம்புவதற்கு முன் வண்டியை நிறுத்தி வைத்து ஹேண்டிலை இந்தப் பக்கம் முழுக்க, அந்தப் பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பட்டி டேங்கைத் தொடக்கூடாது. கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடக்கூடாது. என்ஜின் ஓடும்போது திருப்பினால் ஐடிலிங் ஏறுகிறது என்றால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ மாட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் தெருவுக்குக்கூட எடுக்காதீர்கள்.

“அறுபதைத் தாண்டினால் தலை ஆடுது, எதிரே இருப்பது ரெண்டாத் தெரியுது”

இதுதான் அதிகம் வரும் புகார். ஷீல்டு இல்லாதபோது நெஞ்சில் அடித்த காற்று சீராக அடித்தது. இப்போது மேல் விளிம்பைத் தாண்டும் காற்று உடைந்து, பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்றுநீர் சுழல்வதுபோல் சுழன்று, சரியாக ஹெல்மெட்டில் வந்து விழுகிறது. ஷீட்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் மேலே போகிற காற்றை அது கீழே இழுக்கவும் செய்கிறது.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. காலியான நேர்ச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஆட்டம் நின்று சுத்தமான காற்று அடிக்கிறதா? அடுத்து, சாலையை விட்டுப் பார்வையை எடுக்காமல் கொஞ்சம் குனியுங்கள். அங்கேயும் அமைதியா? இரண்டிலும் அமைதி என்றால் உங்கள் தலை சுழல் பட்டையின் நடுவில் இருக்கிறது. ஷீட்டை இறக்கினாலும் ஏற்றினாலும் தப்பிக்கலாம். உயர்ந்தால் மட்டும் அமைதி என்றால் இறக்குவதுதான் வழி.

இறக்குவதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் வேகத்துக்கும், காற்று நெஞ்சை விட்டுவிட்டு ஹெல்மெட்டில் சீராக அடிப்பதுதான் உயரமான ஷீட்டைவிட நிம்மதி என்பது என் தீர்மானமான கருத்து. ஹெல்மெட்டில் சீராக அடிக்கிற காற்று களைப்பைத் தராது. உடைந்து அடிக்கிற காற்று திண்டிவனம் போவதற்குள் கழுத்தைப் பிடித்துவிடும்.

இரண்டாவது சோதனைக்கு உல்லன் நூல் வேண்டும். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஷீட்டின் உள்பக்கம், மேல் விளிம்பு, இரு ஓரம், டேங்க் மேல் என்று மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு வண்டியில் வரும் நண்பரின் பின்னால் உட்காருகிறவர் போனில் வீடியோ எடுக்கட்டும். நீங்கள் ஓட்டிக்கொண்டே நூலைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்கு வந்து வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். நேராகப் பின்னால் படிந்திருக்கும் நூல் இருக்கிற இடத்தில் காற்று சீராக ஓடுகிறது. துடிக்கிற நூல் சுழலைக் காட்டுகிறது. ஷீட்டின் உள்பக்க நூல் முன்னோக்கித் திரும்பி, கண்ணாடியில் மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு நடுங்கினால் உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது. கீழிருந்து காற்று வரவில்லை என்று பொருள்.

அதற்கு மருந்து கீழே இடைவெளி விடுவது. ஷீட்டின் கீழ் விளிம்புக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் 3 முதல் 5 செ.மீ. இருக்கட்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்க வேண்டும் என்று ஹெட்லைட்டைச் சுற்றி ஒட்ட வளைத்து வெட்டியிருப்பார்கள். அந்த அழகுதான் தலையை ஆட்டுகிறது. ஷீட்டை உடனே வெட்ட வேண்டாம். பட்டியோடு முழு ஷீட்டையும் 3 செ.மீ. மேலே ஏற்றி ஓட்டிப் பாருங்கள். உயரம் கூடிய பிறகும் ஆட்டம் குறைந்திருந்தால் குற்றவாளி இடைவெளிதான். அப்போது கீழ் விளிம்பை வெட்டிவிட்டு ஷீட்டைப் பழைய உயரத்துக்கே இறக்கலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் ஆடினால் சாய்வு. ஷீட்டை ஓட்டுகிறவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் காற்று விளிம்பில் முறியாமல் வழுக்கிப் போகும். ஆனால் சாய்க்கச் சாய்க்க மேல் விளிம்பு தாழ்ந்து முகத்துக்குப் பக்கத்தில் வரும். எதிலாவது மோதினால் ஆபத்து. ஹெல்மெட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழங்கை நீளமாவது இருக்கட்டும்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் மேல் விளிம்பில் ஒரு குட்டி லிப். 8 செ.மீ. அகலத் துண்டை, தாய் ஷீட்டுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு செ.மீ. சந்து விட்டு மாட்டுங்கள். சந்து வழியாகப் போகும் காற்று சுழலை உடைக்கும். சந்து விடாமல் ஒட்டி வைத்தால் அது வெறும் உயரம்தான்.

பின்னால் உட்காருகிறவருக்கு மட்டும் ஆட்டம் என்றால் உங்களைத் தாண்டிய காற்று அவர் தலையில் விழுகிறது. அவர் உயரமாக உட்கார்ந்திருப்பதால் எந்த ஷீல்டாலும் அவரை முழுக்க மறைக்க முடியாது. ஷீட்டை இறக்குவது அவருக்கும் நல்லது.

“நாப் எவ்வளவு இறுக்கினாலும் ஷீட் பின்னால் சாயுது”

பக்கத்துக்கு ஒரே போல்ட் போட்ட அமைப்பில் இது கட்டாயம் வரும். 100-ல் 7 கிலோ தள்ளு; அது ஷீட்டின் நடுவில், போல்ட்டிலிருந்து 15 செ.மீ. மேலே விழுவதாக வையுங்கள். ஒரு மீட்டர் கம்பியின் முனையில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் என்ன முறுக்கு வருமோ, அது. இரண்டு பக்கமும் பிரித்தால் ஆளுக்குப் பாதி. ஒரே போல்ட்டைச் சுற்றியுள்ள வாஷர், தன் நடுவிலிருந்து 12 எம்எம் தூரத்தில் உராய்ந்து அதைப் பிடிக்க வேண்டும் என்றால் 40 கிலோவுக்கு மேல் உராய்வு விசை தேவை. கையால் திருகுகிற நாப்புக்கு அது மிகையான வேலை. அதே பக்கத்தில் 8 செ.மீ. தள்ளி இன்னொரு போல்ட் இருந்தால் ஆறு, ஏழு கிலோ உராய்வே போதும். கீழ் போல்ட் கீலாக நிற்கட்டும். மேல் போல்ட் வளைந்த ஸ்லாட்டில் ஓடட்டும். அவ்வளவுதான். இறுக்கம் போதவில்லை என்று ஸ்பேனர் போட்டு முறுக்கினால் நாப்பின் பிளாஸ்டிக்தான் உடையும்.

சாயவில்லை, மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால் அது அதிர்வின் வேலை. பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் இது அதிகம். நழுவும் இரண்டு பட்டிகளுக்கு நடுவில் ரப்பர் வாஷர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வெயிலில் ரப்பர் அமுங்கிவிட, இறுக்கம் போய்விடுகிறது. அங்கே உலோகமும் உலோகமும் நேராக உட்கார வேண்டும், போல்ட் தலைக்குக் கீழே பல் வாஷர். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஸ்லாட்டுக்குப் பதில் 15 எம்எம் இடைவெளியில் வரிசையாக ஓட்டை போட்டுவிடுங்கள். நுணுக்கமாக நகர்த்த முடியாது; ஆனால் ஓட்டையில் உட்கார்ந்த போல்ட் நழுவ வழியே இல்லை. சரியான உயரம் எது என்று சோதித்து முடித்தவர்களுக்கு நான்கைந்து நிலைகள் தாராளம்.

“போல்ட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்புது”

முதலில் ஷீட் எது என்று உறுதிசெய்யுங்கள். நேம் போர்டு செய்கிற கடையில் “அண்ணே, இது பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா?” என்று கேட்டால் “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, ரெண்டும் உடையாது” என்ற பதில் வரலாம். இரண்டும் ஒன்றில்லை. வெட்டிய துண்டு ஒன்றை வாங்கி வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள்: பாலிகார்பனேட் வளையும், அக்ரிலிக் சில்லாகத் தெறிக்கும். (கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.) காற்றோட்டமான இடத்தில் ஒரு சிறு துண்டின் ஓரத்தை லைட்டரால் பற்றவைத்தாலும் தெரியும். அக்ரிலிக் விடாமல் எரியும், பழ வாசனை வரும். பாலிகார்பனேட் கரும்புகை விட்டு, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். அக்ரிலிக் தெளிவானது, கீறலும் குறைவாக விழும். ஆனால் ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கு முன்னால் வைக்க நான் பாலிகார்பனேட்டைத்தான் சொல்வேன்.

விரிசலை உற்றுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்தால், ஓட்டையைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடுகள் கதிர்போல் விரிந்து மின்னும். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. பெரிய விரிசல் ஓடுவதற்கு முன் வரும் எச்சரிக்கை அதுதான். இது தெரிந்தால் காரணம் ஒன்றாக இருக்காது. கீழே உள்ளதை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஓட்டை இறுக்கமா? இந்தப் பிளாஸ்டிக்குகள் உலோகத்தைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்குகிறவை. விடிகாலை 25 டிகிரியில் கிளம்பிய ஷீட், மே மாத மதியம் வெயிலில் நிறுத்திய வண்டியில் 65 டிகிரிக்குப் போகலாம். அரை மீட்டர் ஷீட் அந்த 40 டிகிரி வித்தியாசத்தில் ஒன்றே கால் எம்எம்முக்கு மேல் நீளும். 6 எம்எம் போல்ட்டுக்கு 6 எம்எம் ஓட்டை போட்டிருந்தால் அது நீள இடமில்லை. ஓட்டை விளிம்பில்தான் அழுத்தம் முழுவதும் போய் உட்காரும். ஓட்டை 9 அல்லது 10 எம்எம், அதற்குள் ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பைக் கவ்வி உட்காரும் வளையம்), அதற்குள் போல்ட். ஓட்டையின் விளிம்பு ஷீட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 20 எம்எம் தள்ளி.

ஓட்டை போட்ட விதம் என்ன? உலோகத்துக்குப் போடும் கூர்மையான பிட், வேகமான டிரில் இரண்டும் சேர்ந்தால் மறுபக்கம் வெளியே வரும்போது பிட் கவ்விக்கொண்டு சில்லை உடைக்கும். அடியில் மரக்கட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டு, மெதுவான வேகத்தில் சின்ன ஓட்டையிலிருந்து படிப்படியாகப் பெரிதாக்குங்கள். குளிர்விக்கத் தண்ணீர் போதும், எண்ணெய் வேண்டாம். பிறகு உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, விரலுக்குச் சொரசொரப்பு தெரியாத வரை தேய்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எதைத் தொட்டது? பாலிகார்பனேட்டின் பெரிய பலவீனம் இது. போல்ட் கழலாமல் இருக்கப் போடும் திரெட் லாக் திரவம் ஒரு துளி பட்டால் போதும், இறுக்கத்தில் இருக்கிற ஓட்டை வெடித்துவிடும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எல்லாம் அதே கணக்குதான். கொத்தனார் லெவல் டியூப்பை வெட்டி வாஷராகப் போடும் பழக்கமும் இருக்கிறது. அந்த மென்மையான பிவிசியில் உள்ள எண்ணெய்ப்பசை மெல்லக் கசிந்து ஷீட்டைத் தின்னும். நியோப்ரீன் அல்லது சிலிக்கான் வாஷர் போடுங்கள். திரெட் லாக்குக்குப் பதில் நைலாக் நட், அதாவது உள்ளே நைலான் வளையம் வைத்த நட். பெட்ரோல் போடும்போது டேங்குக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு துணியைப் பிடியுங்கள்.

எவ்வளவு இறுக்கினீர்கள்? ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்க ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும். ஷீட்டைக் கையால் அசைத்தால் கிராமெட்டுக்குள் கொஞ்சம் நகர வேண்டும். அது குறையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். தலையின் அடிப்பக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும் சிஎஸ்கே (கவுன்டர்சங்க்) ஸ்க்ரூ போடவே போடாதீர்கள். ஆப்பு அடித்த மாதிரி ஓட்டையைப் பிளக்கும்.

ஓடிவிட்ட விரிசலின் நுனியில் 3 எம்எம் ஓட்டை போட்டால் மேலும் ஓடாமல் நிற்கும். ஊர் வந்து சேர அது போதும். வந்ததும் ஷீட்டை மாற்றிவிடுங்கள்.

“வேகத்தில் ஹேண்டில் ஆடுது”

இதற்கு மட்டும் சோதனை ஓட்டம் கிடையாது. ஷீல்டைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கழற்றிய பிறகும் ஆடினால் டயர் காற்று, கோன்செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்), வீல் பேரிங், பின்னால் டாப் பாக்ஸில் ஏற்றிய பாரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பினால் நடுவில் ‘டக்’ என்று உட்காருகிறதா? ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடப்பு தெரிகிறதா? இரண்டில் எது இருந்தாலும் கோன்செட் வேலை.

கழற்றியதும் நின்றுவிட்டது என்றால் மாட்டிய இடம்தான் பிரச்சினை. ஹேண்டில்பாரில் மாட்டிய ஷீட் காற்று வாங்கும் ஒவ்வொரு தள்ளையும் நேராக ஸ்டியரிங்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எடையும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழல்கிறது. ஈ.சி.ஆரில் மதியத்துக்கு மேல் கடல்பக்கமிருந்து குறுக்கே அடிக்கும் காற்றில், முட்டுக்காடு பாலம் மாதிரித் திறந்த இடத்தில் இது நன்றாகத் தெரியும். பஸ்ஸைத் தாண்டும்போதும் தெரியும். ஃபோர்க்கில் மாட்டினாலும் அது ஸ்டியரிங்கோடுதான் திரும்பும். பிடிமானம் விறைப்பாக இருப்பதால் துடிப்பு குறையும், அவ்வளவே. உயரமான ஷீட் வேண்டும், பாரத்தோடு நெடுந்தூரம் போவேன் என்கிறவர்கள் ஃபிரேமிலேயே தாங்கு கொடுத்து, ஹேண்டில் தனியாகத் திரும்பும்படி செய்ய வேண்டும். ஹெட்லைட்டே ஃபிரேமில் நிற்கிற வண்டிகளில் இது எளிது. மற்றவற்றில் வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. ஃபிரேமில் வெல்டிங் வைக்காமல் கிளாம்ப் போட்டே செய்யச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஷீட்டைச் சின்னதாக்குவதுதான் நேர்மையான தீர்வு. மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் தள்ளும் அவ்வளவு குறையும்.

ஓடும்போது ஆட்டம் பிடித்துக்கொண்டால் சட்டென்று பிரேக் போடாதீர்கள், ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். டேங்கைத் தொடையால் இறுக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

“விசில் அடிக்குது”

பெரும்பாலும் சும்மா கிடக்கும் ஓட்டை, ஸ்லாட், அல்லது தீட்டாத விளிம்பு. மாஸ்கிங் டேப்பால் ஒவ்வொன்றாக மூடி ஓட்டிப் பாருங்கள். எதை மூடியதும் நிற்கிறதோ அதுதான். ஸ்லாட்டுக்கு ரப்பர் பட்டை, விளிம்புக்கு அரமும் உப்புத்தாளும் போட்டு உருட்டி, மேலே கார் கதவுக்குப் போடும் யூ பீடிங். சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு பக்கம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். விளிம்பை உருட்டுவது விசிலுக்காக மட்டும் அல்ல, கீழே விழுந்தால் கழுத்தையும் அது காப்பாற்றும்.

“தடதடன்னு சத்தம், பட்டி வளைவில் உடைஞ்சிடுச்சு”

குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தடதடத்து, அதைத் தாண்டியதும் அடங்கினால் பட்டியின் இயல்பான அதிர்வும் என்ஜின் அதிர்வும் ஒத்துப்போகின்றன. பட்டியின் நீளத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு பக்கப் பட்டிகளையும் குறுக்கே ஒரு கம்பியால் இணையுங்கள். குறுக்குக் கம்பிதான் எனக்குப் பிடித்த வழி. போன் ஹோல்டருக்கும் இடம் கிடைத்துவிடும்.

அலுமினியப் பட்டியை வைஸில் வைத்துச் சுத்தியலால் 90 டிகிரி கூராக மடக்கியிருந்தால், உடைவது அந்த மடிப்பில்தான். மடிக்கும்போதே வெளிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும்; அதிர்வு மீதியை முடித்துவிடும். குழாய்த்துண்டைச் சுற்றி உருண்டையாக மடக்குங்கள், அல்லது 3 எம்எம் ஸ்டெயின்லெஸ் 304 பட்டிக்கு மாறுங்கள். திருவான்மியூர், நீலாங்கரை, பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று: அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷர், திரெட்டில் கொஞ்சம் கிரீஸ். கிரீஸ் ஷீட்டில் படாமல்.

“இரவில் ஒண்ணும் தெரியல”

ஷீட்டின் வழியாகப் பார்த்து ஓட்டும்படி வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து நேரே பார்த்தால் மேல் விளிம்பு உங்கள் மூக்குக்கும் வாய்க்கும் நடுவிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். பார்வை விளிம்புக்கு மேலாகப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில், கீறல் விழுந்த ஈர ஷீட்டில் எதிரே வரும் லாரியின் ஹை பீம் பட்டால் ஷீட் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும். வைப்பர் இல்லாத கண்ணாடி அது.

எதிரே வண்டி இல்லாதபோதும் பளபளப்பு தெரிந்தால் உங்கள் ஹெட்லைட்டே ஷீட்டின் கீழ்விளிம்புக்குள் வெளிச்சம் பாய்ச்சுகிறது. அந்த விளிம்பில் இரண்டு விரல் அகலம் கறுப்பு டேப் ஒட்டினால் போய்விடும். ஹெட்லைட், இண்டிகேட்டர், முன் நம்பர் பிளேட் எதையும் ஷீட்டோ பட்டியோ மறைக்கக்கூடாது என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

நேர்க்கோடு அலை அலையாகத் தெரிந்தால் ஹீட் கன்னால் வளைத்ததன் விளைவு. உள்ளே குட்டிக் குமிழிகள் இருந்தால் ஷீட்டில் ஈரம் இருந்திருக்கிறது. பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடேற்றி வளைப்பதற்கு முன் 120 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்த வேண்டும், வீட்டில் அது நடக்காது. சூடே காட்டாமல் வளையுங்கள். வளைவின் ஆரம் ஷீட் தடிமனைப்போல் 100 மடங்குக்குக் குறையாமல் இருந்தால், அதாவது 3 எம்எம் ஷீட்டுக்கு 30 செ.மீ., பட்டியே அதை வளைத்துப் பிடித்துக்கொள்ளும்.

மஞ்சளானால் புற ஊதாக்கதிர் காப்புப் பூச்சு இல்லாத ஷீட், அல்லது பூச்சுப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். எது வெளிப்பக்கம் என்று மேலே ஒட்டியிருக்கும் படலத்தில் அச்சிட்டிருக்கும். படலத்தை உரிப்பதற்கு முன் மார்க்கரால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். துடைப்பதற்கு நிறையத் தண்ணீர், கொஞ்சம் பேபி ஷாம்பு, மெல்லிய பருத்தித் துணி. ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். காய்ந்த தூசியோடு தேய்ப்பதுதான் மூடுபனி மாதிரியான கீறல்களுக்குக் காரணம்.

“வெயிலில் வேகுது, மைலேஜும் குறைஞ்சுபோச்சு”

கத்திரி வெயிலில் நெஞ்சுக்குக் காற்றே வராமல் செய்கிற ஷீல்டு உதவியல்ல. ஜாக்கெட்டுக்குள் வியர்வை காய வழியிருக்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஷீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். பட்டியில் போட்ட கோடுகளில் ஒன்றைக் கோடைக்கு, ஒன்றை மழைக்கு என்று பெயின்ட்டால் குறித்துவைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். மைலேஜ் குறைவதும் அகலமான, நேராக நிற்கும் ஷீட்டால்தான். சாய்வைக் கூட்டினால் கொஞ்சம் மீளும்.

இதே வெயிலில் மீட்டரின் ஓரம் உருகி நெளிந்திருந்தால் என்ஜின் சூடு என்று நினைக்காதீர்கள். வளைந்த ஷீட்டின் உள்பக்கம் குழியாடி மாதிரி வேலை செய்யும். சூரியன் வண்டிக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும்போது நிறுத்தினால் ஒளி குவிந்து மீட்டரிலோ சுவிட்சிலோ ஒரே புள்ளியில் விழுகிறது. சாயங்காலம் நிறுத்தும்போது வண்டியின் முகத்தை மேற்கே பார்த்து நிறுத்துங்கள். முடியாத இடத்தில் மீட்டர் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போங்கள்.